சராசரி எந்தத் தெரு?

ஏரி வேலை முடிந்து அளவெடுக்கிற நேரம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. நாற்பது பேர் காலையிலிருந்து வெட்டிக் கொட்டின மண்ணை மொத்தமாக டேப் பிடித்து அளந்தார்கள். நீளம், அகலம், ஆழம். பெருக்கி, ரேட் போட்டு, ஆள் கணக்கால் வகுத்தார்கள். அறிவித்த கூலி வரவில்லை. "சராசரி இவ்வளவுதாம்மா வருது, நான் என்ன பண்றது?" என்றார் அளந்தவர். இளவட்டங்கள் சிலர் ஓரமாக உட்கார்ந்திருந்த ஆயாவை முறைத்தார்கள். கிழவி கூடைக்குப் பாதி மண்தான் சுமந்தாள், அவளால்தான் நம்ம கூலியும் குறைந்தது என்கிற கோபம். ஆயா வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா தம்பி, வந்ததுலருந்து சராசரி சராசரின்றியே, அவ எந்தத் தெரு? நம்ம சேரியா, ஊர்த்தெருவா? நாப்பது பேரு மூஞ்சியையும் பாத்துட்டேன், ஒருத்தியையும் காணமே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு அந்தக் கேள்வி விடவில்லை. ஆயா கேட்டது கணக்குக் கேள்வி இல்லை. யாரை வைத்து யாரை அளக்கிறீர்கள் என்கிற கேள்வி. அது அறம் சம்பந்தப்பட்டது. மேடையில் நாமும் சராசரி, நடுத்தரம், பொது, நடுநிலை, இயல்பு என்று நாளைக்கு நாற்பது தடவை பேசுகிறோம். எல்லாம் ஒரே அர்த்தம் மாதிரி பேசுகிறோம். இவை ஒன்றில்லை. இவற்றை ஒன்றாக்கிப் பேசுவதில் யாருக்கோ லாபம் இருக்கிறது. அந்த லாபம் நமக்கு இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ் படித்த பழக்கம், சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் யோசிக்க வரும். 'சராசரி' தமிழ்ச் சொல் இல்லை. பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. பாரசீகத்தில் 'சர்' என்றால் தலை. 'சராசர்' என்றால் ஒரு தலையிலிருந்து மறுதலை வரைக்கும், முழுக்க என்று பொருள். தாசில்தார், ஜமாபந்தி, கிஸ்தி என்று வருவாய்த்துறைச் சொற்களில் பாதி அந்த வழியாக வந்தவைதான். மொத்தத்தையும் ஒரு தலையிலிருந்து மறுதலை வரை தடவிப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வது சராசரி. மேலிருந்து பார்க்கிறவனுக்கு அது வசதி. அவனுக்கு ஆள் வேண்டாம், எண் போதும்.

பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம் நம்மைவிட நேர்மையாக இருக்கிறது. அது மூன்று சொற்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறது: கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு. எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் கூட்டுச் சராசரி. சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பதைத் தொட்டால் இடைநிலை. எது அதிகம் தடவை வருகிறதோ அது முகடு. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிவிட்டு மறந்துபோனோம். ஒரு ஊரை வைத்துப் பார்த்தால் மறக்காது.

கணக்குக்காக ஒரு ஊர் வைத்துக்கொள்வோம். 11 வீடு. அதில் 5 வீட்டுக்கு ஒரு காணி நிலமும் கிடையாது. ஆறாவது வீட்டுக்கு அரை ஏக்கர். ஏழாவது வீட்டுக்கு ஒன்றரை, எட்டாவதுக்கு 2, ஒன்பதாவதுக்கு 3, பத்தாவதுக்கு 4. பதினோராவது மிராசு வீடு, 44 ஏக்கர். மொத்தம் 55 ஏக்கர்.

சராசரி என்ன? 55ஐ 11ஆல் வகுத்தால் வீட்டுக்கு 5 ஏக்கர். 'இந்த ஊரில் சராசரியாக வீட்டுக்கு 5 ஏக்கர் நிலம் இருக்கிறது' என்று மனுவில் எழுதலாம், பொய்யில்லை. ஆனால் 5 ஏக்கர் உள்ள வீடு ஊரில் ஒன்றுகூட இல்லை. 5 ஏக்கருக்கு மேல் இருப்பது ஒரே ஒரு வீடு. பத்து வீடு சராசரிக்குக் கீழே. ஆயா தேடின சராசரி இங்கே எந்தத் தெருவிலும் குடியில்லை. இடைநிலை என்ன? வரிசையில் ஆறாவதாக நிற்கிற வீடு, அரை ஏக்கர். முகடு? அதிகம் தடவை வருவது பூஜ்ஜியம். இந்த ஊரில் அதிகம் பேருக்குள்ள நிலம் 'இல்லை' என்பதுதான்.

ஒரே ஊர். மூன்று பதில். 5 ஏக்கர், அரை ஏக்கர், ஒன்றுமில்லை. மூன்றும் கணக்குப்படி சரி. எதைச் சொல்கிறான் என்பதில்தான் சொல்கிறவன் எந்தத் தெரு என்று தெரியும்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய்ப் பார்க்கலாம். ஆறாவது வீட்டுக்காரன் மகளுக்குக் கல்யாணம் செய்யக் கடன் வாங்கினான். வட்டி கட்ட முடியவில்லை. அந்த அரை ஏக்கரை மிராசு எழுதி வாங்கிக்கொண்டது. இப்போது மிராசுக்கு 44½. ஊரின் மொத்தம் அதே 55. சராசரி அதே 5. ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிட்டது, சராசரி ஒரு இமைகூட அசைக்கவில்லை. இடைநிலை அசைந்தது. அரை ஏக்கரிலிருந்து பூஜ்ஜியத்துக்கு விழுந்தது.

இன்னொன்று. பழைய கணக்குக்கே வருவோம். நிலமில்லாத 5 வீட்டில் ஒரு வீடு அடி தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போய்விட்டது. இப்போது 10 வீடு, 55 ஏக்கர். சராசரி 5½. ஊர் முன்னேறிவிட்டது! ஏழை போனால் சராசரி ஏறும். ஏழை செத்தாலும் ஏறும். இது கணக்கின் குற்றமில்லை. ஆனால் சராசரி ஏறியதை மட்டும் வைத்து 'வளர்ச்சி' என்று பேசுகிறவன், எவன் போனதால் ஏறியது என்று சொல்லக் கடமைப்பட்டவன்.

மூன்றாவது, இது கற்பனை இல்லை. நிலமில்லாத 5 வீட்டையும் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டால்? 55ஐ 6ஆல் வகுக்க வேண்டும். 9 ஏக்கருக்கும் மேல் வருகிறது. இந்திய அரசின் வேளாண் கணக்கெடுப்பு சொல்கிற சராசரி நில அளவு இந்த வகை. அது எண்ணுவது சாகுபடி செய்கிற கைப்பற்றுகளை. 2015-16 கணக்கெடுப்பில் நாடு முழுக்கச் சராசரிக் கைப்பற்று 1.08 ஹெக்டேர், பட்டியல் சாதியினருடையது 0.78 ஹெக்டேர். இதைப் பார்த்து, 'பரவாயில்லையே, மத்தவங்களுக்கு ரெண்டே முக்கால் ஏக்கர் இருந்தா இவங்களுக்கும் ரெண்டு ஏக்கர் இருக்குதே' என்று ஒரு ஆள் சொல்லலாம். சொல்லியும் இருக்கிறார்கள். நிலமே இல்லாதவன் அந்த வகுத்தலில் உட்காரவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். மொத்தத் தொழிலாளர்களில் விவசாயக் கூலிகள் 30 சதம். பட்டியல் சாதித் தொழிலாளர்களில் ஏறக்குறைய 46 சதம். அங்கே முகடு கூலி. வேளாண் கணக்கெடுப்பின் சராசரி, நிலமுள்ள தலித்தைப் பற்றிப் பேசுகிறது. முகடு, தலித்துகளில் அதிகம் பேர் என்ன வேலை செய்கிறார்கள் என்று பேசுகிறது. 1892ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்கிற கேள்வியை இந்த 0.78 மூடிவிடக் கூடாது.

அப்படியென்றால் சராசரியை எறிந்துவிட்டு இடைநிலையைக் கையில் எடுத்துக்கொண்டால் நியாயம் வந்துவிடுமா? ஒரு பழைய சங்கதி இருக்கிறது. 1906ல் இங்கிலாந்தில் பிளைமவுத் சந்தையில் ஒரு மாட்டை அறுத்துச் சுத்தம் செய்தால் எத்தனை எடை நிற்கும் என்று பந்தயம் வைத்தார்கள். அந்தச் சீட்டுகளில் 787ஐ வாங்கி பிரான்சிஸ் கால்டன் என்பவர் கணக்குப் போட்டார். வரிசையில் நடுவில் இருந்த எண் 1207 பவுண்டு. உண்மை எடை 1198. இவ்வளவு கிட்டத்தில் வந்தது. 1907ல் அதை எழுதியபோது அவர், மக்களின் குரல் என்றால் அது நடுவில் நிற்கிற எண்தான் என்று வாதாடினார். கிறுக்கன் ஒருவன் ஒரு லட்சம் பவுண்டு என்று எழுதிப்போட்டால் சராசரியை அவன் இழுத்துக்கொண்டு போய்விடுவான். நடு எண்ணை அப்படி இழுக்க முடியாது. அங்கே அவனுக்கும் ஒரு ஓட்டுதான்.

இது முக்கியமான விஷயம். நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பாருங்கள். சராசரியில் ஏக்கர் ஓட்டுப் போடுகிறது. 44 ஏக்கர்காரனுக்கு 44 ஓட்டு, நிலமில்லாதவனுக்கு ஓட்டு இல்லை. இடைநிலையில் தலை ஓட்டுப் போடுகிறது. வீட்டுக்கு ஒன்று. 1949 நவம்பர் 25ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தது இதைத்தான். அரசியலில் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, ஒரு ஓட்டுக்கு ஒரு மதிப்பு என்று ஏற்றுக்கொள்ளப் போகிறோம், சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் அதை மறுத்துக்கொண்டே இருப்போம், இந்த முரண்பாட்டோடு எத்தனை நாள் வாழ்வது என்று கேட்டார். அவர் கேட்டதை நம் ஊர்க் கணக்கில் வைத்துச் சொன்னால், வாக்குச்சாவடியில் இடைநிலை நடக்கிறது, களத்துமேட்டில் சராசரி நடக்கிறது.

ஆனாலும் இடைநிலைக்கும் கண் ஒரு பக்கம்தான். மிராசு 44 ஏக்கரை 440 ஆக்கட்டும், ஆறாவது வீட்டைத் தொடாதவரை இடைநிலை அசையாது. மேலே நடக்கிற கொள்ளை அதன் கண்ணில் படாது. கீழே நிலமில்லாத 5 வீட்டின் குடிசையையும் பிடுங்கி எறியட்டும், அப்போதும் அரை ஏக்கர் அரை ஏக்கராகவே இருக்கும். நடுவில் நிற்பவன் பத்திரமாக இருந்தால் இடைநிலைக்கு எல்லாம் சரி. நம் ஊரில் 'நடுத்தர மக்கள் பாதிக்கப்படுகிறார்கள்' என்று பத்திரிகைகள் எப்போது எழுதுகின்றன என்று கவனியுங்கள். அதுவரை கீழே நடந்தது செய்தியாக இல்லை.

சரி, முகடு? 'பெரும்பாலோர்' என்று நாம் சொல்வது அதுதான். நாம் அதிகம் இருக்கிற இடத்தில் அது நமக்காகப் பேசும், கூலிக் கணக்கில் பேசின மாதிரி. ஊரைப் பற்றிப் பேசும்போது அதே முகடு நமக்கு எதிராகத் திரும்பும். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு 20 பேர். 'பெரும்பான்மை' என்கிற சொல் வந்ததுமே நாம் வெளியே. இதைப் பற்றியும் அம்பேத்கர் தெளிவாக எழுதியிருக்கிறார். இந்தியாவில் பெரும்பான்மை என்பது கருத்தால் உருவாகிக் கலைகிற அரசியல் பெரும்பான்மை இல்லை, பிறப்பால் வருகிற பெரும்பான்மை, அதற்குள் மற்றவன் நுழைய முடியாது என்றார். முகடு அங்கே மலை மாதிரி அசையாமல் நிற்கிறது.

நம் மொழியிலேயே இதற்கு அத்தாட்சி இருக்கிறது. 'ஊர்' என்று சொன்னால் அது சேரியைச் சேர்க்காத ஊர். 'ஊர்ப்பொது' என்றால் ஊர்த்தெருவின் பொது. பொதுக்கிணறு என்று பேர், நாம் தண்ணீர் மொள்ள முடியாது. பொதுப்பாதை என்று பேர், நம் பிணம் போக முடியாது. இங்கே 'பொது' என்ற சொல் எல்லாருக்குமானது என்று வேடம் போட்டுக்கொண்டு, எண்ணிக்கையும் அதிகாரமும் உள்ளவனுக்கானது என்று வேலை செய்கிறது. தேர்தல் வந்தால் 'பொதுத் தொகுதி' என்கிறார்கள். சட்டப்படி அங்கே நாமும் நிற்கலாம். எத்தனை கட்சி நிறுத்துகிறது? நாமே வாய்தவறிப் 'பொதுவான ஆளுங்க தொகுதி' என்று சொல்லிவிடுகிறோம். அப்போ நாம் என்ன தனியான ஆளா? இது முகடு தன்னைச் சராசரி என்று சொல்லிக்கொள்கிற வித்தை.

அடுத்த வித்தை இதைவிட ஆபத்தானது. 'அதிகம் பேர் இப்படி இருக்கிறார்கள்' என்பது 'இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று மாறுவது. வழக்கம் இயல்பு ஆவது. இயல்பு நீதி ஆவது.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பெல்ஜியத்தில் அடோல்ஃப் கெத்லே என்று ஒரு வானியல் அறிஞர். ஒரே நட்சத்திரத்தைப் பலர் அளந்தால் அளவுகள் கொஞ்சம் முன்னே பின்னே வரும். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் உண்மையான இடம் கிட்டத்தட்டக் கிடைக்கும். விலகல்கள் எல்லாம் பிழை. நட்சத்திரத்துக்கு இது சரி, ஏனென்றால் அங்கே உண்மையாகவே ஒரு நட்சத்திரம் இருக்கிறது. கெத்லே இதை மனிதர்கள்மேல் போட்டார். 1835ல் வெளிவந்த புத்தகத்தில் 'சராசரி மனிதன்' என்று ஒருவனை உண்டாக்கினார். அவன்தான் இயற்கையின் குறி, மற்றவர்கள் அந்தக் குறியிலிருந்து தவறியவர்கள் என்கிற மாதிரி ஆயிற்று. ஆயிரம் பேரை அளந்தால் கிடைப்பது ஆயிரம் பேர். நட்சத்திரம் மாதிரி அவர்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற உண்மையான ஒருவன் கிடையாது. இந்த வித்தியாசத்தை மறந்ததுதான் பெரிய தப்பு. மாட்டின் எடையில் மக்களின் குரலைக் கேட்ட அதே கால்டன்தான், 1883லேயே மனிதர்களில் 'நல்ல' வம்சத்தைப் பெருக்கும் யூஜெனிக்ஸ் என்கிற சொல்லையும் உண்டாக்கினவர்.

அந்தக் காற்று இங்கேயும் வீசியது. ஹெர்பர்ட் ரிஸ்லி வங்காளத்தில் மூக்கை அளந்தார். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கு, சாதிவாரியாகச் சராசரி எடு, மூக்கு அகல அகலச் சாதி இறங்கும் என்று ஒரு கோட்பாடு சொன்னார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அவர்தான் ஆணையர். சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டனும் நம்மவர்களை நிறுத்தி வைத்துத் தலையையும் மூக்கையும் அளந்தார். சராசரி மூக்குக்குச் சாதிப் படி ஒதுக்கினார்கள். அம்பேத்கர் என்ன செய்தார்? 'மூக்கை அளக்காதே' என்று கத்திவிட்டு நிற்கவில்லை. 1948ல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில் அதே அளவுகளை எடுத்து வைத்தார். பிராமணரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்பதை இந்த எண்களே பொய்யாக்குகின்றன, பிராமணர் ஆரியர் என்றால் தீண்டப்படாதவரும் ஆரியர், பிராமணர் திராவிடர் என்றால் இவர்களும் திராவிடர் என்று முடித்தார். எதிரியின் கையிலிருந்த சராசரியை வாங்கி எதிரியையே அளந்தார். அதில் நமக்குப் பாடம் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

'வழக்கமாக இப்படி நடக்காது' என்கிற சொல் நீதிமன்றத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 ராத்திரி, 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல் கொஞ்சம் கூடக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். கீழ் நீதிமன்றம் மிராசுதாரருக்கும் மற்றவர்களுக்கும் தண்டனை கொடுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, இவர்கள் பெரும் நிலக்காரர்கள், கார் வைத்திருக்கிறவர்கள், இப்படிப்பட்டவர்கள் ஆளை ஏவாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்பது. யோசித்துப் பாருங்கள். நீதிபதியின் மனசில் ஒரு 'சராசரிப் பணக்காரன்' இருந்தான். அவன் கண்ணியமானவன், வெயிலில் நடக்காதவன், தீப்பெட்டி தொடாதவன். அந்தக் கற்பனை மிராசுதான் நிஜ மிராசுக்குச் சாட்சி சொல்லி விடுவித்தான். நம் சனங்களின் சாட்சி எடுபடவில்லை. ஏனென்றால் நம்மைப் பற்றியும் ஒரு சராசரி ஏற்கெனவே அங்கே இருந்தது.

ஒருவன் என்ன செய்தான் என்று கேட்க வேண்டிய இடத்தில், அவனை மாதிரி ஆட்கள் சாதாரணமாக என்ன செய்வார்கள் என்று கேட்பது அநீதி. சராசரி ஒரு கூட்டத்தைப் பற்றிய செய்தி. தனி ஆளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 'உங்க ஆளுங்க பொதுவா சுத்தமா இருக்க மாட்டாங்க' என்று வாடகை வீட்டுக்காரர் நம்மிடம் சொல்வதும் இதே அநீதியின் சின்ன வடிவம்தான்.

இனி 'நடுநிலை'. பத்திரிகைக்காரரும் அதிகாரியும் நமக்குச் சொல்கிற உபதேசம் இது. சேரிக்குள் புகுந்து அடித்துவிட்டுப் போன மறுநாள் சமாதானக் கூட்டம் போடுவார்கள். 'ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுத்துப் போங்க' என்பார்கள். எதில் பாதி விடுவது? அடித்தவன் இனிமேல் பாதி அடிப்பான், அடிபட்டவன் பாதி வாங்கிக்கொள்வான் என்றா? ஒரு முனையில் அநியாயமும் மறு முனையில் நியாயமும் நின்றால் நடுப்புள்ளி அரை அநியாயம். அது நடு, நடுநிலை இல்லை. எதிரி எவ்வளவு தூரம் தள்ளி நின்று பேரம் ஆரம்பிக்கிறானோ அவ்வளவு தூரம் அந்த நடுவும் அவன் பக்கம் நகரும். இது நம்ம சந்தையில் கத்திரிக்காய் விற்கிற அக்காவுக்குத் தெரியும்.

வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஒரு அதிகாரம் வைத்தார். அதில் துலாக்கோலை உவமையாகக் காட்டுகிறார். தராசு என்ன செய்கிறது? இரண்டு தட்டிலும் உள்ளதை எடை பார்க்கிறது. எது கனமோ அந்தப் பக்கம் சாய்ந்து காட்டுகிறது. எடை ஒன்றாக இல்லாதபோதும் முள் நடுவிலேயே நின்றால் அது கள்ளத் தராசு. சாய வேண்டிய நேரத்தில் சாய்வதுதான் தராசின் நடுநிலை. இதை மறந்துவிட்டு, சாயாமல் இருப்பதே நடுநிலை என்று நமக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

இதுவரை மற்றவர்களைச் சொன்னேன். இனி நம்மைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இந்தக் கட்டுரையும் கள்ளத் தராசு.

சராசரியே வேண்டாம் என்று நம்மால் சொல்ல முடியாது. 2011ல் இந்திய எழுத்தறிவு 73 சதம், பட்டியல் சாதியினர் எழுத்தறிவு 66 சதம். இந்த ஏழு சத இடைவெளியைக் காட்டித்தான் நாம் சண்டை போடுகிறோம். இதுவும் ஒரு வகையில் சராசரிக் கணக்குதான். 1919ல் சவுத்பரோ குழு முன்னாலும், 1928ல் சைமன் கமிஷன் முன்னாலும் அம்பேத்கர் எண்களோடுதான் போய் நின்றார். எண் இல்லாமல் போனால் 'எல்லா ஊர்லயும் ஏழை இருக்காங்க' என்று அனுப்பிவிடுவார்கள். ஆகவே சராசரி நமக்கு ஆயுதம். ஆனால் அந்த 66ஐ உடைத்துப் பாருங்கள். பட்டியல் சாதி ஆண்கள் 75, பெண்கள் 56½. 66 என்கிற தலித் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. 'நம்ம சனங்க சராசரியா இவ்வளவு படிச்சிருக்காங்க' என்று நான் மேடையில் பேசும்போது, என் அக்காவை விட்டுவிட்டு, என்னையும் விட்டுவிட்டு, இல்லாத ஒரு ஆளைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டே அளப்பேன் என்று 1942ல் நாகபுரியில் அம்பேத்கர் பேசினார். அவர் சராசரியைக் கேட்கவில்லை, இடைநிலையைக் கேட்கவில்லை. எது கடைசியில் நிறுத்தப்பட்டிருக்கிறதோ அதைக் கேட்டார்.

அருந்ததியர் உள் ஒதுக்கீடு வந்தபோது நம் இயக்கங்களுக்குள் நடந்த பேச்சை நாம் மறைக்கக் கூடாது. 2009ல் 18 சதத்துக்குள் 3 சதம் கொடுத்துத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 'தலித் ஒற்றுமையை உடைக்கப் பாக்குறாங்க' என்று நம்மில் பலர் பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு நானும் கை தட்டியிருக்கிறேன். ஒரு கூட்டத்தில் துப்புரவு வேலை செய்கிற அருந்ததிய அம்மா ஒருவர் எழுந்து, "தலித்துங்களுக்கு இத்தினி வேலை கிடைச்சுதுன்னு கணக்கு படிச்சீங்களே, அதுல எங்க தெருவுக்கு எத்தினி?" என்று கேட்டார். மேடையில் யாரிடமும் பதில் இல்லை. ஊர்த்தெரு நம்மிடம் செய்த அதே வேலையை நாம் அவர்களிடம் செய்துகொண்டிருந்தோம். நம் முகட்டைத் 'தலித் பொது' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்வது செல்லும் என்று ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பின் சில பகுதிகளோடு நமக்குச் சண்டை உண்டு. ஆனால் அந்த அம்மாவின் கேள்விக்குத் தீர்ப்புக்குக் காத்திராமல் நாமே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஒற்றுமை வேண்டும்தான். கடைசித் தெருவின் கணக்கை மறைத்துக் கிடைக்கிற ஒற்றுமை சராசரி மாதிரிதான். எண்ணாக இருக்கும், ஆளாக இருக்காது.

ஆகவே, தோழர்களே, யாராவது 'சராசரி' என்று வாயைத் திறந்தால் மூன்று கேள்வி கேட்போம். எதைச் சொல்கிறாய், கூட்டி வகுத்ததையா, வரிசையின் நடுவையா, கூட்டத்தையா? வகுக்கும்போது யாரை எண்ணினாய், யாரை எண்ணாமல் விட்டாய்? இருப்பதைச் சொல்கிறாயா, இப்படித்தான் இருக்கணும் என்று சொல்கிறாயா? இந்த மூன்றையும் அதிகாரியிடமும் கேட்போம், நம் தலைவரிடமும் கேட்போம், எழுதுகிற நானும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏரிக்கரைக்குத் திரும்புகிறேன். அந்தச் சட்டத்தின் அட்டவணையைப் பிறகு எடுத்துப் படித்தேன். வயது வந்த ஒரு ஆள் ஒரு மணி நேர ஓய்வும் சேர்த்து எட்டு மணி நேரம் வேலை செய்தால் நிர்ணயித்த கூலி வருகிற மாதிரி ரேட் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் நோயால் தளர்ந்தவர்களுக்கும் தனி ரேட் அட்டவணை வேண்டும் என்று. ஆக, ஒரு சராசரி ஆளை வைத்து எல்லாரையும் அளக்கக் கூடாது என்பது சட்டத்துக்கே தெரிந்திருந்தது. எங்கள் ஏரிக்கு வந்த டேப்புக்குத்தான் தெரியவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டிய நாங்கள் ஆயாவை முறைத்துக்கொண்டு நின்றோம். எங்கள் கூலியைக் குறைத்தது ஆயா இல்லை, ஆயாவை எங்களோடு கூட்டி எங்களால் வகுத்த கணக்கு.

அடுத்த மாதம் எங்கள் பகுதியில் வீடுவீடாகக் கணக்கெடுக்கப் போகிறோம். நிலம், கூலி, படிப்பு, கடன். இந்த முறை ஊர் முகப்பிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. கடைசித் தெருவின் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்து இந்தப் பக்கம் வருவதாக முடிவு.